கமானி சென்டரில் ஒரு கடை

ஹொனலுலு,
12 ஜனவரி 1956

அன்புள்ள தங்கை ஹட்சுகோவுக்கு அண்ணன் சோகி எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணி மிட்சுயேயும் சௌக்கியம். ஹீலோவில் நீயும் மச்சான் ஷிகேயோவும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே மழை விட்டதா, உன் மாமியாரின் மூட்டுவலி தேவலையா என்று எழுது.

இங்கே ஒரு பெரிய சேதி. எஸ்டேட்காரர்கள் நம் குத்தகையைப் புதுப்பிக்க மாட்டார்களாம். மார்ச் கடைசிக்குள் பன்றிகளோடு கிளம்பச் சொல்லிவிட்டார்கள். நம் கொட்டகையையும் பக்கத்து நிலங்களையும் சேர்த்துப் பெரிய கடைவளாகம் கட்டப் போகிறார்கள். ஒரே கூரை வரிசையில் இருபத்தாறு கடைகள், நானூறு கார்கள் நிற்க இடம். 'கமானி சென்டர்' என்று பெயர்கூட வைத்தாயிற்று. சுற்றிலும் வீடுகள் பெருகிவிட்ட பிறகு பன்றி வாடை யாருக்குப் பிடிக்கும்? சில நாள் எனக்கே பிடிப்பதில்லை.

கேட்டதும் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்பா போனபோது பதினாறு வயதில் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தவன் நான். மேட்டுத் தெருவின் அறுபத்திரண்டு வீடுகளிலும் கொல்லைப்புறமாகப் போய், அவர்கள் மிச்சம் மீதி போட்டுவைக்கும் கழனி டின்னை எடுத்துவந்து பன்றிகளுக்கு ஊற்றுவதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? இரண்டு நாள் கழித்துத்தான் புத்தி வந்தது. வளர்க்கத் தெரிந்தவனுக்குச் சமைக்கவும் தெரியுமே! உன் அண்ணி ஷோயு சாஸ் ஊற்றிச் சமைக்கும் பன்றிக்கறியைத் தட்டில் மிச்சம் வைத்தவனை நான் பார்த்ததில்லை. அந்த வளாகத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை கேட்டு மனுப் போடப் போகிறேன். கிடைத்தால் பிழைத்தோம். கிடைக்காவிட்டால் நாற்பத்தொரு வயதில் பன்றியும் இல்லாமல் கடையும் இல்லாமல் நிற்பேன்.

அந்த நிலத்தின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இத்தனை வருஷம் நமக்குச் சோறு போட்டது, அது போதும். உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
சோகி தெங்கான்

ஹீலோ,
27 ஜனவரி 1956

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு ஹட்சுகோ வணங்கி எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். மழைக்குத்தான் நலம் குறையவே இல்லை, கொட்டிக்கொண்டே இருக்கிறது. மாமியார் மூட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயிலைத் திட்டுகிறார், அது வராததால். நீங்கள் இடுப்பு வலியோடு டின் தூக்காமல் இருந்தால் சரி.

கடை யோசனையைப் படித்ததும் எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. பண்ணை போவது நல்லதுக்குத்தான். புதுக் கட்டடம், கண்ணாடிக் கதவு, கார்களில் வந்து இறங்கும் ஜனங்கள்! அலுவலகத்துக்குப் போகும்போது சாவுக்குப் போட்டுக்கொள்ளும் அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பதில் அதுதான் உருப்படி. மரியாதையாக நில்லுங்கள். பன்றிப் பேச்சை எடுக்கவே வேண்டாம். சமையல், சாப்பாடு என்று மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்று. தீவனக்காரன் இலவசமாகக் கொடுத்தான் என்று அந்தப் பன்றித்தலை அச்சடித்த உறையில் கடிதம் போட்டிருக்கிறீர்கள். நல்லவேளை, தபால்காரர் என் கையிலேயே கொடுத்தார். இனிமேல் வெள்ளை உறையிலேயே போடுங்கள். காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. பார்க்க நன்றாக இல்லை, அவ்வளவுதான்.

அண்ணியின் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நல்ல சேதிக்குக் காத்திருக்கிறேன்.

தங்கை,
ஹட்சுகோ முராயாமா

ஹொனலுலு,
24 மார்ச் 1956

அன்புள்ள ஹட்சுகோவுக்கு அண்ணன் எழுதுவது.

நாங்கள் நலம். வெள்ளை உறை வாங்கிவிட்டேன், பார்த்திருப்பாய். மாமியாருக்கு வெயில் வந்ததா?

பன்றிகளை வாயானாயே பக்கம் பன்றி வளர்க்கும் கமியாவிடம் ஒப்படைத்துவிட்டேன். லாரியில் ஏற மாட்டேன் என்று கிழட்டுத் தாய்ப்பன்றி ஒன்று அடம்பிடித்தது. கடைசியில் உன் அண்ணி முன்னால் போய் நின்று, "ஏறுடி மகாராணி, உனக்காக இன்னொரு லாரியா வரும்?" என்று அதட்டினாள். உடனே ஏறிவிட்டது. அவள் அதட்டினால் நானே ஏறியிருப்பேன்.

அறுபத்திரண்டு வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஃப்ரெய்டாஸ் வீட்டம்மா சமையல்கட்டு வாசலில் நின்று, "இனிமே எங்க வீட்டு மிச்சத்தை யார்கிட்ட குடுக்கிறது? எம் புருஷனையே ரெண்டாந்தடவை திங்க வைக்கணுமா?" என்று கேட்டாள். கையில் ஒரு முழு இனிப்பு ரொட்டியைத் திணித்து அனுப்பினாள். நல்ல மனுஷி.

நேற்று மண் தள்ளும் இயந்திரங்கள் வந்தன. அரை நாளில் கொட்டகை இருந்த இடம் தெரியவில்லை. சூப்பர் மார்க்கெட் அங்கேதான் வருகிறதாம். கடைப் பேச்சுக்காக ஒன்பதாம் தேதி காலை வரச்சொல்லி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன், நின்றேன், வந்தேன். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்,
சோகி

ஹீலோ,
9 ஏப்ரல் 1956

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு வணக்கம்.

எல்லோரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். மாமியாருக்கு வெயில் வந்துவிட்டது, இப்போது வெயிலையே திட்டுகிறார்.

அலுவலகத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள் என்றால் பாதி கிணறு தாண்டிவிட்டீர்கள் என்று அவர் சொல்கிறார். என் வீட்டுக்காரர்தான். மில் அலுவலகத்தில் அவருக்கு இதெல்லாம் பழக்கம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் பக்கத்து வீடு, கோயில் மகளிர் சங்கம், மீன்கடை என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட்டேன். "எங்கண்ணன் ஹொனலுலுவில புது சென்டர்ல கடை வைக்கப்போறாரு!" திறப்பு விழாவுக்கு நானும் வருவேன் என்று மாமியார் சொல்லிவிட்டார். இந்தப் பதினாறு வருஷத்தில் அவர் ஹீலோவைத் தாண்டியதே இல்லை.

நம் வழக்கப்படி கடை வாசலில் தொங்கவிட நீலத்திரை தைக்க ஆரம்பித்துவிட்டேன். அகலம் எத்தனை அடி என்று எழுதுங்கள். எவ்வளவு கொடுத்து வைத்தவள் நான், இந்த நாளைப் பார்க்க!

தங்கை,
ஹட்சுகோ

ஹொனலுலு,
2 ஜூலை 1956

அன்புள்ள ஹட்சுகோவுக்கு.

கடிதம் போட மூன்று மாதம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான். அண்ணிக்குச் சளி வந்து போயிற்று. உன் வீட்டில் யாவரும் நலமா?

சென்டர் கட்டடம் கிடுகிடுவென்று எழும்பிவிட்டது. முன்பக்கம் முழுக்க எரிமலைக் கல் ஒட்டுகிறார்கள். கடைகளுக்கு முன்னால் நீளமாகக் கூரை போட்டிருப்பதால் மழையில் நனையாமல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்கலாம். நடுமுற்றத்தில் ஒரே ஒரு கமானி மரத்தை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிகளை இறக்கிய அன்று நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நம் தாய்ப்பன்றி குட்டி போட்ட இடம் சரியாக அவற்றின் அடியில் வருகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

தினமும் காலை ஏழு மணிக்கே அங்கே இருக்கிறேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. உள்ளூர் ஆள் என்பதால் மேஸ்திரி, பெயிண்டர் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

திரை பற்றி அவசரமில்லை. மச்சானுக்கு என் அன்பு.

அண்ணன்,
சோகி

ஹீலோ,
16 ஜூலை 1956

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு வணக்கம்.

இங்கே யாவரும் சுகம். அண்ணிக்குச் சளி முழுக்க விட்டதா?

சாவி இடுப்பில் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு எரிமலைக் கல்லைப் பற்றி எட்டு வரி எழுதியிருக்கிறீர்களே! உங்களை என்ன செய்தால் தகும்? கடிதத்தை மாமியாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பன்றி வரி வந்த இடத்தில் எனக்கு இருமல் வந்துவிட்டது, அதைத் தாண்டிப் படித்தேன்.

கடைக்கு என்ன எண்? சூப்பர் மார்க்கெட் பக்கமா, மரத்தின் பக்கமா? எத்தனை பேர் உட்காரலாம்? திரையைக் குத்துமதிப்பாக ஆறடி தைத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அண்ணிக்கு இரண்டு ஏப்ரன்களும் உள்ளே இருக்கின்றன.

பதில் உடனே போடுங்கள்.

தங்கை,
ஹட்சுகோ

ஹொனலுலு,
4 செப்டம்பர் 1956

அன்புள்ள ஹட்சுகோவுக்கு அண்ணி மிட்சுயே எழுதுவது.

உன் உடம்பும் உன் வீட்டார் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும். எனக்குச் சளி போய்விட்டது. உன் அண்ணனுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

திரையை அவர் பார்சலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். கடை கிடைக்கவில்லை, ஹட்சுகோ. அவர் அங்கே துப்புரவு வேலை பார்க்கிறார். பெயிண்டர்களுக்குக் கதவு திறந்துவிடுவதும் சிமெண்டுத் தூளைக் கூட்டுவதும்தான் வேலை. சாவி இடுப்பில் இருப்பது பொய்யில்லை.

அன்று ஒன்பது மணிக்கு அலுவலகத்துக்கு வரச்சொன்னார்களே, எட்டரைக்கே போய்விட்டார். இருபத்தைந்து வருஷமாக எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் பின்கதவுக்குப் போய்த்தானே பழக்கம்? கால் தானாகப் பின்பக்கம் கூட்டிப் போய்விட்டது. குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில், கோட்டும் டையுமாக, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று நின்றிருக்கிறார். பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. காபி போடும் பெண் வெளியே வந்து, "புதுசா வந்த ஆளா? இந்தாங்க," என்று காபித் தூளும் ரொட்டி ஓரமும் இருந்த டின்னை நீட்டியிருக்கிறாள். இவர் அதை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

கையில் டின்னோடு வாசலில் வந்து நின்றார். எனக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். "முன்பக்கமா போயிருக்கலாமே?" என்று கேட்டேன். "எனக்குத் தோணவே இல்ல மிட்சுயே," என்றார். சொன்ன நேரத்துக்கு ஆள் வரவில்லை என்று அந்த இடத்தைச் செருப்பு தைப்பவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். திரும்பப் போய்க் கேட்க இவருக்கு வாய் வரவில்லை.

உன்னிடம் சொல்ல அவருக்கு வெட்கம். நீ ஊரெல்லாம் சொல்லிவிட்டாயே என்ற கவலை அதைவிட அதிகம். திறப்பு விழாவுக்கு மாமியாரை அழைத்து வந்துவிடப் போகிறாயே என்றுதான் எழுதினேன். என்மேல் வருத்தப்படாதே.

அண்ணி,
மிட்சுயே

ஹீலோ,
28 அக்டோபர் 1956

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு வணக்கம்.

இங்கே அனைவரும் நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள். மழை மறுபடி ஆரம்பித்துவிட்டது.

திறப்பு விழாவுக்கு எங்களால் வர முடியாதுபோல் இருக்கிறது. மாமியாருக்கு மூட்டுவலி. வீட்டிலும் வேலை அதிகம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். டீ ஆறுகிறது என்று கூப்பிடுகிறார்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

ஹட்சுகோ

ஹொனலுலு,
25 நவம்பர் 1956

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். நீ? போன கடிதத்தில் நீ எழுதியது ஏழே வரி. உன் அண்ணியைக் கேட்டேன், ஒப்புக்கொண்டுவிட்டாள். ஆகவே நான் துடைப்பக்காரன் என்பது உனக்குத் தெரியும். ஒரு சாவி கேட்டேன், இருபத்தாறு கொடுத்தார்கள் என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். உன்னிடம் மறைத்ததுதான் தப்பு. மன்னித்துவிடு.

பதினேழாம் தேதி சனிக்கிழமை சென்டர் திறந்தார்கள். வாசலுக்குக் குறுக்கே மைலே என்ற வாசனை இலைக்கொடி கட்டியிருந்தது. மேனேஜர் பிராட்லி பெரிய கத்தரியோடு வந்தார். ஜெபம் சொல்ல வந்த ஹவாய்ப் பாதிரியார் அவர் கையைப் பிடித்துவிட்டார். "அதை வெட்டக்கூடாதய்யா, ஆரம்பிக்கும்போதே அறுப்பாங்களா? முடிச்சை அவிழுங்க." பிராட்லி முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் தடுமாற, நானூறு காரில் வந்த ஜனமும் கைதட்டிச் சிரித்தது.

நான் மரத்தடியில் இலை கூட்டிக்கொண்டிருந்தேன். மேட்டுத் தெருவிலிருந்து ஃப்ரெய்டாஸ் அம்மா வந்தாள். என்னையும் துடைப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன சோகி இது? கடை வைக்கப்போறேன்னியே, எங்கே?"

"கிடைக்கலம்மா."

"ஏன் கிடைக்கல?"

ஏனோ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பின்கதவு, கோட்டு, காபித் தூள் டின், எல்லாம். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துத் தரதரவென்று பிராட்லி முன்னால் இழுத்துப் போய் நிறுத்தினாள்.

"இந்தாளைத் தெரியுமா உங்களுக்கு? எங்க வீட்டு வெள்ளிக்கரண்டி எத்தனை தடவை கழனியில விழுந்திருக்கு தெரியுமா? ஒவ்வொரு தடவையும் மறுநாள் கழுவித் துடைச்சு டின் மூடிமேல இருக்கும். ஒரு தடவை எம் மருமகளோட மோதிரம்! உங்க இருபத்தாறு கடைக்காரங்கள்ல யாருக்காவது இப்படி அறுபத்திரண்டு வீடு சாட்சி சொல்லுமா? அந்த வீடுங்கதான் இங்க சாமான் வாங்க வரணும், ஞாபகம் வெச்சுக்கங்க."

பிராட்லி என்னைப் பார்த்து, "அன்னைக்கு நீங்க ஏன் வரல?" என்றார்.

"வந்தேங்கய்யா. எட்டரையிலேருந்து பன்னிரண்டு வரைக்கும் பின்கதவுல நின்னேன்."

மனுஷர் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார். பிறகு, "மூணரை மணி நேரமா?" என்று மட்டும் கேட்டார். அவர் முகம் சிவந்துவிட்டது. திங்கட்கிழமை என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, முன்வாசலில் அவரே வந்து நின்றார். கார் நிறுத்தும் பக்கம் பார்த்தபடி, சாமான் வைக்க ஒதுக்கியிருந்த அறை ஒன்று இருக்கிறது. அதை எனக்குக் கொடுத்துவிட்டார், ஹட்சுகோ! எட்டு ஸ்டூல் போடலாம். குத்தகைப் பேப்பரில் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த அம்மாவுக்கும் மேட்டுத் தெருவுக்கும் நான் என்ன செய்து தீர்ப்பேன்?

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பெயர்ப்பலகைக்கு என்ன எழுதுவது என்று கேட்கிறார்கள். அண்ணி 'தெங்கான் பன்றிக்கறி' என்கிறாள். மேட்டுத் தெருவுக்கு அந்தப் பெயரே போதும். ஆனால் உன் மாமியார் வந்தால் பலகையைப் பார்ப்பாரே. ஆறு வருஷத்துக்கு முன்பு மச்சான் எனக்கு ஒரு கடிதத்தில், "உங்கள் கார்னேஷன் பூந்தோட்டம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டு எழுதியிருந்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நன்றாகப் பூக்கிறது என்று பதில் போட்டேன். உன்மேல் எனக்குக் கடுகளவும் வருத்தமில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உன் பின்னால் கத்திக்கொண்டு வந்ததை நானும் கேட்டவன்தானே. உனக்குச் சங்கடம் என்றால் 'கமானி சாப்பாடு' என்று எழுதிவிடுகிறேன். நீ சொல்கிறபடி.

டிசம்பர் பதினைந்து, சனிக்கிழமை கடை திறக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
சோகி

ஹீலோ,
4 டிசம்பர் 1956

என் அண்ணாவுக்கு.

நான் நலமாக இருக்கிறேன் என்று எழுத ஆரம்பித்தேன், பொய். மூன்று நாளாக அழுது கண் வீங்கியிருக்கிறது. மற்றவர்கள் நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

நன்றாகப் பூக்கிறது என்று எழுதினீர்களா! ஆறு வருஷமாக அதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தீர்களா? ஜப்பானில் ஹிரோஷிமாவிலிருந்து வந்த இந்த வீட்டார் பெண் எடுக்க வந்தபோது, நாம் ஒகினாவாத் தீவுக்காரர்கள் என்பதற்கே முகம் சுளித்தார்கள். பன்றி என்று சொன்னால் கல்யாணமே நின்றுவிடும் என்று பயந்து பூ என்று சொன்னேன். பிறகு மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. உங்களை ஒரு தடவைகூட இங்கே வந்து தங்குங்கள் என்று நான் கூப்பிட்டதில்லை. அண்ணியின் கடிதம் வந்தபோதும் உங்களுக்காக அழுவதற்கு முன்னால் மாமியாரிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்தேன். நீங்கள் பின்கதவில் நின்றதற்கு நானும்தான் காரணம். நானே உங்களை அங்கே நிறுத்தி வைத்திருந்தேன்.

நான் படித்த படிப்பு, போட்ட சட்டை, கல்யாணத்துக்கு உடுத்திய கிமோனோ எல்லாம் அந்த அறுபத்திரண்டு டின்னிலிருந்து வந்தவை. இதை உங்களுக்கு நேரில் சொல்லியிருக்க வேண்டும். ரொம்ப நன்றி அண்ணா. அந்த வீட்டுக்காரர்களுக்கும் சொல்லுங்கள்.

நேற்றுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமியார் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆரஞ்சை உரித்துக்கொண்டே கேட்டார். ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்:

"அடி அசடு, உன் கல்யாணத்துக்கு உங்கண்ணன் கப்பல்ல ரெண்டு முழுப் பன்னியை ஏத்திக்கிட்டு வந்தானே, ஊரே மூணு நாள் தின்னுச்சு. கையில ஒத்தப் பூ இருந்துச்சா? அன்னைக்கே தெரியும் எனக்கு. நீயா சொல்வேன்னு இத்தனை வருஷம் உக்காந்திருந்தேன். மூட்டுவலின்னு என்மேல பழியைப் போட்டு எழுதிட்டியா? டிக்கெட் போடச் சொல்லு எம் புள்ளையை. அந்தக் கறிக்கு நான் இன்னும் நன்றி சொல்லல."

கடை திறப்புக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை விமானத்தில் மாமியார், அவர், நான் மூவரும் வருகிறோம். பலகையில் தெங்கான் பன்றிக்கறி என்றே எழுதுங்கள், தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி பெரிதாக.

பன்றிக்காரர் சோகி தெங்கானின் தங்கை,
ஹட்சுகோ